பூஜ்யம் பார்த்த கலியமூர்த்தி

கலியமூர்த்திக்கு இடி என்றால் பயம், நாய் என்றால் பயம், தபால்காரர் நீளமான உறையோடு வந்து நின்றால் அதைவிடப் பயம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் “சார், நான்தான்” என்று குரல் கொடுத்துவிட்டு அப்புறம்தான் கதவைத் தட்ட வேண்டும். அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று அவர் மனைவி பத்மா ஆள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தப் பயம்தான் பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டுக்குச் சோறு போட்டது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

சிதம்பரம் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1978-ல் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கேஜ் ரூமில் போட்டார்கள். அளக்கிற கருவிகளையே அளந்து பார்க்கிற அறை அது. அங்கே ஒரே ஒரு வேதம்தான்: எதை அளப்பதற்கு முன்னாலும் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பார். முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் நீ அளப்பதெல்லாம் பொய். ‘ஜீரோ பார்க்கிறது’ என்று அதற்குப் பெயர். அவர் சேர்ந்த ஆறாம் மாதம் தங்கவேல் என்ற மூத்த ஆள் ஒரு நாள் ஜீரோ பார்க்க மறந்து, முந்நூறு உருப்படிகளைத் தப்பாக அளந்து அனுப்பிவிட்டார். மெமோ தங்கவேலுக்கு வந்தது, காய்ச்சல் கலியமூர்த்திக்கு வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஜீரோ பார்ப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டு ரேடியோவில் ஒலிக்குமிழை அடிமட்டம்வரை இறக்காமல் சுவிட்சைப் போடமாட்டார். காய்கறிக்காரி தராசைத் தூக்கினால், காய் வைக்கும் முன் வெறும் தட்டுகள் நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். “இன்னா சார், என்னிய திருடின்றியா?” என்று அவள் வாராவாரம் சண்டைக்கு வருவாள். அவரும் வாராவாரம் பயந்துகொண்டே குனிவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. அம்பத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஒயர், மைக், மிக்ஸர் எல்லாம் அவர் பொறுப்பு. மேடைக்குப் பின்னால்தான். மேடை ஏற மாட்டார். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் நாகவல்லி டீச்சர்.

நாகவல்லிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். முப்பத்தாறு வயது. கள்ளிக்குப்பத்தில் அம்மா கெங்கம்மாளோடு இருந்துகொண்டு தெருவுக்குத் தெரு போய்ப் பாட்டு டியூஷன் எடுத்துவந்தார். வாய் நீளம். எண்ணிக்கை அதைவிடக் கெட்டி. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி, வாசலிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு ஒன்பது அடி என்று அவருடைய ஊர் முழுக்க எண்ணிக்கையால் கட்டியது. எண்ணிக்கை தப்பினால் அவருக்கு ஊரே கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன் துபாயிலிருந்து அவர் தம்பி சின்னசாமி ஒரு சிந்தசைஸர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். சாதாரண கீபோர்டு இல்லை. ஒரே நேரத்தில் பதினாறு வாத்தியமாக ஒலிக்கக்கூடிய பெட்டி. பதினாறு வித்வான்களை உள்ளே உட்காரவைத்து ஆளுக்கொரு சேனல் நம்பர் கொடுத்த மாதிரி. ஒரு கம்ப்யூட்டரை அதோடு கட்டினால், எந்த நம்பர்காரர் எப்போது எந்த ஸ்வரத்தை எவ்வளவு அழுத்தமாக வாசிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு எல்லோரையும் சேர்த்து வாசிக்கவைக்கும். அதற்கென்று பாட்டுப் பதியும் சாஃப்ட்வேர் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டருக்கு டீச்சர் எங்கே போவார்? நாலு வருஷம் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் உள்ளே இருந்த ஒலிகளைத் திருத்தினார்.

“கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதெல்லாம் வெள்ளைக்காரன் ஊட்டுக் கல்யாணத்துக்குத்தான் ஆவும். மாரியம்மனுக்கு ஆவாது” என்பார்.

திரையில் ஓடும் எழுத்து அவருக்குத் தெரியாது. மூன்றாவது பொத்தானை ஏழு தரம், அடுத்ததை நாலு தரம் என்று எண்ணி எண்ணி, காதால் பிடித்து, அறுபத்துநான்கு இடங்களிலும் தன்னுடைய ஒலிகளை வைத்திருந்தார். நாயனம், தவில், தம்பூரா, பம்பை, உடுக்கை. இருபத்துமூன்றாவது இடத்தில் இருந்த நாயனத்துக்கு மட்டும் ஏழு மாதம் ஆனதாம். குழுக் கச்சேரியில் அந்த நாயனத்தைக் கேட்டுவிட்டு, நிஜ நாயனக்காரர் எங்கே என்று மேடைக்குப் பின்னால் வந்து தேடியவர்கள் உண்டு. அங்கே கலியமூர்த்திதான் ஒயரோடு நிற்பார்.

1997 ஆனி மாதம். பக்தவத்சலம் என்று ஒரு கேசட் கம்பெனிக்காரர் அம்மன் பாட்டு தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் மெட்டுப் போட்ட பாட்டுகளை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், ஆறு பாட்டு முழு இசையோடு இருந்தால் உங்கள் பெயரிலேயே கேசட் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இதுவரை எத்தனையோ கேசட்டில் வாசித்திருக்கிறார் டீச்சர். அட்டையில் பெயர் வந்ததில்லை. இசை: நாகவல்லி என்று ஒரு அட்டை. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சின்னசாமி அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வாங்கிக் கொடுத்திருந்தான். தொழிற்சாலையில் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்வந்தவர் குழுவில் ஒரே ஆள், கலியமூர்த்தி. அப்புறம் கேட்க வேண்டுமா?

“அண்ணே, புதன்கெழம வந்து ரெண்டையும் கட்டிக் குடுத்துடுங்க. வியாழன், வெள்ளி, சனி. நாளுக்கு ரெண்டு பாட்டு. முடிச்சிடுவேன்” என்றார் டீச்சர்.

“என்னால முடியுமா டீச்சர்?” என்று கேட்டார் கலியமூர்த்தி.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து ஐந்து மணிக்குக் கள்ளிக்குப்பம் வந்து உட்கார்ந்தார். ஐந்து ஊசி உள்ள வட்ட முனை ஒயர்கள் இரண்டு. பெட்டியின் வெளிவாயிலிலிருந்து கம்ப்யூட்டரின் உள்வாயிலுக்கு ஒன்று, அங்கிருந்து திரும்ப இங்கே ஒன்று. முதலில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் ஒலி இரட்டையாக, குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. விரல் அமுக்கியதைப் பெட்டி தானும் வாசித்து, கம்ப்யூட்டர் சுற்றித் திருப்பி அனுப்பியதையும் வாசித்தது. ‘லோக்கல் ஆஃப்’ என்று ஒரு இடத்தைத் தேடிப்பிடித்து நிறுத்தினார். ஒலி ஒற்றையானது. டீச்சர் கை தட்டினார். கலியமூர்த்திக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அடுத்த கோளாறு வேடிக்கையானது. டீச்சர் தவில் ஜதியை வாசித்துப் பதிந்தார். திரும்பப் போட்டால் நாயனம் பீ பீ என்று தவில் ஜதியை ஊதியது. தம்பூராவுக்கு அனுப்பியதைப் பம்பை வாங்கி முழக்கியது.

“நம்பர் எல்லாம் கலைஞ்சு கெடக்குது. பழைய கச்சேரில எவனோ மாத்தி வெச்சிருக்கான்” என்றார் டீச்சர். பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அடுத்த தெருவுல டியூஷன் கீது. ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். நம்பர மட்டும் பாருங்கண்ணே. உள்ள கீற சவுண்டு மேல கை வெச்சிடாதீங்க.”

“சேச்சே” என்றார் கலியமூர்த்தி.

பதினாறு சேனல். ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த இன்னொன்று கலைந்தது. கால் மணி நேரம் போராடிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். கேஜ் ரூம் மூளை வேலை செய்தது. ஜீரோ பார்க்காமல் திருத்துகிறோம், அதுதான் தப்பு. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வரவேண்டும். பட்டியலில் தேடினார். கடைசிப் பக்கத்தில் இருந்தது: ‘இனிஷியலைஸ்’. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. அமுக்கினார். ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்று கேட்டது பெட்டி.

வாழ்க்கையில் எதிலுமே உறுதியில்லாத மனுஷர் அவர். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர். ஜீரோ விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ‘யெஸ்’ பொத்தானை அமுக்கினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

மூன்று விநாடி திரை வெறுமையாக இருந்து திரும்பி வந்தது. சேனல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறும் அணிவகுத்து நின்றன. கலியமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு அரை நிமிஷம் இருந்தது. இருபத்துமூன்றாம் இடத்துக்குப் போய் ஒரு கட்டையை அமுக்கினார். கண்ணாடிக் குப்பியைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி ஒரு மணிச்சத்தம் வந்தது. இருபத்துநாலில் ஏதோ வெள்ளைக்காரப் பிடில். ஐந்தில் தம்பூரா இல்லை. ஒன்றிலிருந்து அறுபத்துநான்கு வரைக்கும் அமுக்கிப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன் கம்பெனி எதைப் போட்டு அனுப்பியதோ அதுதான் இருந்தது.

காது அடைத்தது. அடுக்களையில் கெங்கம்மாள் பாத்திரம் உருட்டுகிற ஓசை எங்கோ திருமுல்லைவாயிலிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தார். அப்போதுதான் வாசலில் குச்சி தட்டும் ஓசை.

“இன்னாண்ணே, ஆச்சா?” டீச்சர் நேராகப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

“தொடாதீங்க!” என்று அலறிவிட்டார் கலியமூர்த்தி. “எர்த் சரியில்ல டீச்சர். பாடியில கரண்டு வருது. ஷாக் அடிக்கும்.”

நீட்டிய கை சட்டென்று மடங்கியது. பார்வையில்லாதவருக்கு ஷாக் என்றால் எப்படியிருக்கும் என்று பார்வையுள்ளவர்களால் சொல்ல முடியாது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதுதானே அவர்களுக்கு உலகம். டீச்சர் இரண்டடி பின்னால் போய் நின்றார். “எனக்குக் கரண்டுன்னா பயம்ணே” என்றார் சின்னக் குரலில். வாய் நீளமான அந்த டீச்சர் எதற்காவது பயந்து கலியமூர்த்தி பார்த்தது அன்றுதான்.

“நாளைக்கு வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் சுவிட்சே போடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி சைக்கிளை எடுத்தார்.

அன்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று பத்து தரம் தீர்மானித்தார். சொன்னால் குழு முழுக்கத் தெரியும், ஆவடி முழுக்கத் தெரியும், சின்னசாமி துபாயிலிருந்து வந்து சட்டையைப் பிடிப்பான். அதெல்லாம்கூடப் போகட்டும். சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறும் என்பதை நினைத்தால்தான் ஒவ்வொரு தரமும் தீர்மானம் கலைந்தது. அந்த முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

வியாழக்கிழமை உணவு இடைவேளையில் தொலைபேசி பூத்துக்கு ஓடி, கீபோர்டு பழுது பார்க்கிற வடபழனி ஜம்புலிங்கத்தைப் பிடித்தார். ஒரு நண்பருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தார்.

“வெளிய மெமரி கார்டுல காப்பி எடுத்து வெச்சிருந்தா திரும்பப் போட்டுடலாம் சார். வெச்சிருக்காரா உங்க நண்பரு?”

“இல்ல.”

“அப்ப அவ்ளோதான் நைனா. சிலேட்ட அழிச்சிட்டு எழுத்து எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?”

சாயங்காலம் கரண்டு அளக்கிற மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கள்ளிக்குப்பம் போனார். எர்த் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நாயனத்தைத் தானே செய்துவிடப் பார்த்தார். ஏழு மாத நாயனத்தை இரண்டு மணி நேரத்தில்! ஆசைக்கும் அளவு வேண்டாமா? கொசு வந்தது, விசில் வந்தது, ஒரு முறை கன்றுக்குட்டி மாதிரி ஏதோ வந்தது. நாயனம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். எட்டடி தள்ளி நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். விரல்கள் மடியில் புடவைமேல் வாசித்துக்கொண்டிருந்தன. முதல் இரண்டு பாட்டு. இன்று பதிந்திருக்க வேண்டியவை.

“சரியாச்சாண்ணே?”

“நாளைக்கு ஆயிடும் டீச்சர்.”

வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. இந்த முறை ஹெட்ஃபோனுக்குள் கொசுகூட வரவில்லை. கிளம்பும்போது டீச்சர் சொன்னார், “இந்த ஊட்டுக்கு ஒயரிங் பண்ணவன் முனியன்தான். நல்லா திட்டி வுட்டுட்டேன். நாளைக்குக் காலைல வந்து புது எர்த் குழி தோண்டுறேன்னிருக்கான்.” கலியமூர்த்தி தலையாட்டினார். தலையாட்டினால் டீச்சருக்குத் தெரியாது என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வந்தார். வீட்டுப் பக்கவாட்டில் முனியன் இடுப்பளவு குழியில் நின்றுகொண்டிருந்தான். கரியும் உப்பும் மூட்டையாக மேலே இருந்தன. வேர்த்து ஊற்றியது. கலியமூர்த்தியைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறினான்.

“நீதான் சொன்னியா சார், என் எர்த்து சரியில்லன்னு? பதினஞ்சு வருஷமா லைன்ல கீறேன். ஒரு ஊட்டுல ஒருத்தன் ஷாக்குன்னு சொன்னதில்ல. டீச்சரு கண்ணு தெரியாதவங்க, அவங்க ஊட்டுக்கு நான் மூணு தரம் பாத்துப் பாத்துப் போட்டேன் சார். வா, காட்டு. எங்க அடிக்குது?”

“இப்ப வேணாம் முனியா” என்றார் கலியமூர்த்தி. முனியன் கேட்கவில்லை. ஈரக்காலோடு உள்ளே போய், பெட்டியின் சுவிட்சைப் போட்டு, டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. டெஸ்டரை மடியில் செருகிவிட்டு வெறுங்கையைப் பெட்டியின் இரும்பு உடம்பின்மேல் விரித்து வைத்தான்.

“இன்னா சார் ஷாக்கு? என் பொண்டாட்டி திட்றதுல கீற ஷாக்குகூட இதுல இல்ல. டீச்சர், நீ வா. நான் கைய வெச்சிருக்கேன், நீயும் வை.”

டீச்சர் வந்தார். ஒரு விரலை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டித் தொட்டார். பிறகு முழுக் கையையும் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஒண்ணுமில்லியே! அண்ணே, நீங்க ரெண்டு நாளா பாத்த வேலைல சரியாயிடுச்சு போல கீது” என்றார். கலியமூர்த்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பாராட்டைத் தாங்குவதற்கு ஷாக்கே அடித்திருக்கலாம்.

டீச்சர் உட்கார்ந்து, இறக்குகிற பொத்தானைச் சற்று நேரம் அமுக்கிப் பிடித்தார். அப்படிச் செய்தால் பெட்டி முதல் எண்ணில் வந்து நின்றுவிடும். அங்கிருந்து ஏற்றுகிற பொத்தானை இருபத்திரண்டு தரம் அமுக்கினால் நாயனம். உதடு அசைய எண்ணி அமுக்கினார். கட்டையில் விரலை வைத்தார். டிங் என்றது.

“தப்பா எண்ணிட்டேன்” என்று சிரித்தார். மறுபடி இறக்கினார். மறுபடி எண்ணினார், இந்த முறை வாய்விட்டு. இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. டிங்.

சிரிப்பு நின்றது. மூன்றாம் தரம் இடது கை விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணிக்கொண்டே வலது கையால் அமுக்கினார். மெதுவாக. ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சு விட்டு. டிங்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “முனியா, நான் எண்ணுனது காதுல வுழுந்துச்சா? சரியா எண்ணுனேனா?”

“சரியாத்தான் டீச்சர் எண்ணுன.”

“அப்ப நான் நெம்பரையே மறந்துட்டேனா? இருபத்தி மூணு இல்லியா?” குரல் தடுமாறியது. “எனக்கு இன்னாத்துக்கு எண்ணிக்க தப்புது? நேத்துகூட பஸ்டாண்டுலேர்ந்து வரச்சொல்ல ஒரு அடி கூட வந்துச்சு. அம்மா, எனக்கு இன்னாமோ ஆவுதும்மா.”

கலியமூர்த்தி வாய் திறக்காமல் இருந்தால் போதும். டீச்சர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு போய்விடுவார். யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. இதைவிடப் பத்திரமான இடம் ஒரு பயந்தாங்கொள்ளிக்கு ஏழு ஜென்மத்திலும் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. பயந்த முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

“எண்ணிக்கை தப்பல டீச்சர்” என்றார். குரல் கீச்சென்று வந்தது. “இருபத்தி மூணுதான். நான் அழிச்சிட்டேன். புதன்கிழமையே. நம்பர் சரிபண்றதுக்கு எல்லாத்தையும் ஜீரோ பண்ணினேன். சவுண்டும் சேர்ந்து போயிடும்னு தெரியாது. ஷாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்.”

“எல்லாமா?”

“அறுபத்து நாலும்.”

முனியன் குழிமண் ஒட்டிய தன் கால்களைப் பார்த்தான், கலியமூர்த்தியைப் பார்த்தான், வெளியே போய்விட்டான். அடி விழும் என்று காத்திருந்தார் கலியமூர்த்தி. டீச்சர் அழுவார் என்று காத்திருந்தார். டீச்சர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“புதன்கெழம எத்தினி மணிக்கு?”

“ஏழு… ஏழுக்குள்ள.”

“அழிச்சது தெரியாம பண்ணது. அத வுட்டுடுறேன். அம்மன் பாட்டுக்கு எட்டு சவுண்டு போதும் எனக்கு. எப்டி பண்ணேன்னு தெரியும், வியாழக்கெழமைக்குள்ள திரும்பப் பண்ணியிருப்பேன். வெள்ளியும் சனியும் ராவு பகலா உக்காந்து ஆறையும் பதிஞ்சிருப்பேன்.” டீச்சர் முகத்தை அவர் நின்ற பக்கம் திருப்பினார். “ரெண்டு நாளு என்னிய அந்தச் சேர்ல உக்கார வெச்சீங்களே, ஷாக்குன்னு சொல்லி. அது தெரிஞ்சு பண்ணது.”

கலியமூர்த்திக்குத் தெரிந்த தண்டனைகளில் இது எதிலும் சேரவில்லை.

“வந்து உக்காருங்க. நான் காதால தேடுனா நேரமாவும். ஸ்கிரீனப் படிச்சுச் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

அன்று பொழுது சாயும்வரை அவர் படித்தார், டீச்சர் திருத்தினார். நாயனம் முழுசாக வரவில்லை, முக்கால்வாசி வந்தது. தவில் வந்தது. தம்பூரா வந்தது. உடுக்கை வந்தது. நாலு ஒலி. அதை வைத்து இரண்டு பாட்டு பதிந்தார்கள். மூன்றாவது பாட்டை ஆரம்பிக்கும்போது டீச்சரின் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பக்தவத்சலம் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மறுபடியும் முதல் பாட்டைப் போடச் சொன்னார். கலியமூர்த்தி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கம்ப்யூட்டரின் பொத்தானை எட்டி அமுக்கினார்.

“அருமைம்மா. மீதி நாலு?”

“ரெண்டுதான் சார் தயார்.”

“ஆறுன்னு சொல்லி அனுப்பியிருந்தேனே. ஏன், என்ன ஆச்சு?”

கலியமூர்த்தி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மின்னல் வெட்டிய பிறகு இடிக்குக் காத்திருக்கிற மாதிரி தன் பெயருக்குக் காத்திருந்தார். வரவில்லை.

“முடியல சார்” என்றார் டீச்சர்.

பக்தவத்சலம் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆடி பிறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது, நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகிறது, இந்த இரண்டை எடுத்துக்கொள்கிறேன், மீதியை வழக்கமாகச் செய்கிறவர் செய்துவிடுவார் என்றார். அட்டையில் அந்த ஆள் பெயர்தான் வரும். டீச்சர் பெயர் உள்ளே, பாட்டுப் பட்டியலில் வரும். டீச்சர் சரியென்று தலையசைத்தார். காபி குடித்துவிட்டுக் கம்பெனிக்காரர் போய்விட்டார்.

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டு வாங்காமல் தப்பித்தால் நிம்மதி வரும் என்றுதான் கலியமூர்த்தி நாற்பத்துமூன்று வயதுவரை நம்பியிருந்தார்.

“டீச்சர், என் பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னா அந்த நாலு பாட்டு வந்துடுமா?”

கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, ஒயர்களைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார். பிளாஸ்டிக் உரசும் ஓசை கேட்டு டீச்சர் திரும்பினார்.

“எதுக்குச் சுத்தறீங்க? வுடுங்க. இன்னும் அறுபது சவுண்டு கீது. வந்து உக்காருங்க.”